மச்சினன் எடுத்த வேட்டி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. டீ கிடைக்காது. எழவு விழுந்த தெருவுல பிரேதம் தூக்குற வரைக்கும் கடை தொறக்க மாட்டாய்ங்க. பெஞ்சு மட்டுந்தான் கிடக்கு. நானும் அதுலதான் காலையிலருந்து கிடக்கேன்.

ஹவில்தார் சுருளியப்பன் வீடுதான கேட்டீங்க? அந்தா பந்தல் தெரியுதே, அதான். நெஞ்சுல குத்தியிருக்கிற மெடலப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீங்க பட்டாளத்து ஆளுன்னு. அவருகிட்டத்தான் துப்பாக்கி புடிக்கப் பழகினீங்களா? சரிதான். சாத்தூர்லருந்தா வர்றீங்க? அம்புட்டுத் தூரம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா மூச்சு வாங்காம என்ன செய்யும்? செத்த இருந்துட்டுப் போங்க. பெங்களூர்லருந்து பேரன் வரணும், அவன் வராமத் தூக்க மாட்டாங்க.

நான் யாருன்னு கேக்கலியே நீங்க. நான் அவரு மச்சினன். ராசாங்கம். அவரு சம்சாரம் பெருமாயி இருக்குல்ல, எங்க அக்கா, அதோட கூடப்பொறந்த ஒரே தம்பி நான். நானு இங்கன பெஞ்சுல உக்காந்திருக்கேன், அங்கன எவன் எவனோ தலைமாட்டுல நிக்கிறாய்ங்க. இது நாயமா? நீங்களே சொல்லுங்க, நாயமா?

இந்தப் பையில என்னன்னு பாருங்க. தொடுங்க, பரவாயில்ல, கோடி வேட்டிதான். எட்டு முழம். துண்டும் இருக்கு. விடிகாலையில உசிலம்பட்டிக்குப் போயி, ஜவுளிக்கடைக்காரன் வீட்டுக் கதவத் தட்டி, அவன இழுத்துட்டு வந்து கடையத் தொறக்கச் சொல்லி எடுத்தேன். ‘பெரியவரே, விடியட்டுமே’ன்னான். ‘செத்தவரு விடியட்டும்னு காத்திருந்தாராடா’ன்னு கேட்டேன். வாயப் பொத்திக்கிட்டுக் குடுத்தான்.

எங்க பக்கம் வழக்கம் ஒண்ணு இருக்கு தம்பி. ஒரு ஆம்பள செத்தா, அவன் பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கொட்டோட கோடி வேட்டி கொண்டுபோயிப் போத்தணும். அதுக்கப்புறந்தான் தூக்கணும். எத்தன மாலை விழட்டும், கடைசியா அந்த உடம்பத் தொடுற துணி மச்சினன் துணியா இருக்கணும். அது என் உரிமை. எவனும் எனக்குப் பிச்சை போட்டது இல்ல.

கொட்டுக்காரங்கள முன்னாடி விட்டு, தாம்பாளத்துல வேட்டிய வச்சு, தெருவோட போனேன். பந்தலுக்குள்ள நுழையறேன், ஒருத்தன் கையக் குறுக்க நீட்டுறான். சுபேதார் அழகராம். முன்னாள் ராணுவத்தார் சங்கத் தலைவராம். ‘ஐயா, சங்கத்துப் போர்வை போத்தியாச்சு, அதுக்கு மேல வேற துணி போடுறதில்ல’ங்கிறான். பச்சையும் சிவப்புமா என்னமோ ஒரு பட்டு. நான் கேக்குறேன், யாரு வீட்டுத் துணி அது? அவய்ங்க சங்கத்துல எவன் செத்தாலும் அதே போர்வையத்தான் கொண்டாந்து மூடுவாய்ங்க. சுடுகாட்டுல உருவி, மடிச்சு, பெட்டியில வச்சு, அடுத்தவன் சாகட்டும்னு காத்திருப்பாய்ங்க. எத்தன பொணத்து மேல கிடந்த துணி! எங்க மச்சான் மேல அது கிடக்கலாம், நான் எடுத்த புது வேட்டி கிடக்கக்கூடாதா?

கோவிச்சுக்காதீங்க, நீங்களும் அந்தச் சங்கந்தான். உங்களச் சொல்லல.

அங்கன ஒரு வார்த்தை எனக்காகப் பேச ஆளு இல்ல தம்பி. பங்காளிக வேடிக்கை பாக்குறாய்ங்க. அவரு மகன் கதிரேசன், என் மடியில வச்சு மொட்ட போட்ட பய, தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். நானும் வேட்டியப் பையில சுருட்டிக்கிட்டு விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன். வந்து இங்கன உக்காந்தேன். இந்நேரம் வரைக்கும் ஒரு ஈ காக்கா வந்து, ‘மாமா, வாங்க’ன்னு கூப்பிடல. தாய்மாமன் கோவிச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருக்கான், உள்ள எல்லாரும் சோலியப் பாக்குறாய்ங்க. அப்படி என்னதான் தலைபோற சோலி?

நீங்க அவரப் பட்டாளத்துல பாத்திருப்பீங்க. சட்டையில கஞ்சி, மீசையில முறுக்கு. நான் பாத்த ஆளு வேற. அவரு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வர்ற விருந்தாளி. இங்கன குடும்பத்தப் பாத்தது யாரு? நான். அவரு மக இந்திராணிக்குக் காது குத்துறப்ப மடியில வச்சது யாரு? நான். கதிரேசனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப தூக்கிட்டு ஓடுனது யாரு? நாந்தான். அவரு எங்கிட்டோ பனியில நின்னுக்கிட்டு, ‘மாப்ள, நீ இருக்கிற தைரியத்துலதான்டா நான் இங்க தூங்குறேன்’னு எழுதுவாரு. எழுதுறதுக்கு என்ன? எழுதிட்டுத் தூங்கிருவாரு. முழிச்சுக் கிடந்தது நான்ல!

சரி, ரிட்டயர்டு ஆயி வந்தாரு. வந்த ஆளு சும்மா இருக்கணுமா இல்லியா? மதுரையில ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலை. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, ஆம்பள மாதிரியா இருந்தாரு? ஞாயித்துக்கிழமையானா அடுப்படிக்குள்ள பூந்து சப்பாத்தி போடுவாரு. அதுவும் எப்படி? தெருவுல இருக்கிற பிள்ளைகள எல்லாம் வரிசையா உக்கார வச்சு, பட்டாளத்து மெஸ்ஸு மாதிரி தட்ட நீட்டச் சொல்லி. ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்கும் அவருதான் சடை பின்னி விடுவாரு. அப்பன் பின்னுன சடை அவுறவே அவுறாதுன்னு அதுக பள்ளிக்கூடத்துல பீத்திக்குங்க. அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் ஆச்சு. மூணு மாசம் இந்த மனுசன் பொண்டாட்டி சேலையத் தொவைச்சு, வாசல்ல கொடி கட்டிக் காயப்போட்டாரு. வாசல்ல! ஊரு பாக்க! ‘கொல்லையில போடக்கூடாதா மச்சான்’னு கேட்டேன். ‘வெயிலு வாசல்லதான்டா அடிக்குது’ங்கிறாரு.

அது அவரு வீடு, அவரு பாடு, என்னமோ செஞ்சுட்டுப் போகட்டும். நான் படுறேன்ல? என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் அவரையே காட்டிக் காட்டி என் உசுர எடுத்தா. ‘மிலிட்டரி அண்ணனப் பாருங்க, மிலிட்டரி அண்ணனப் பாருங்க.’ சாகறதுக்கு முந்தின நாளும் சொன்னா தம்பி. ‘ஒரு நாளு எனக்கு ஒரு சப்பாத்தி போட்டுக் குடுத்திருக்கீகளா’ன்னு. எனக்கு எங்க தெரியும் சப்பாத்தி போட? என்னய எவன் பட்டாளத்துல சேத்தான்?

கோவம் எனக்குப் பொறவியிலயே உண்டு. இல்லேன்னு சொல்லல. ஆனா நாயமான கோவந்தான் படுவேன். இந்திராணி கல்யாணத்துல முதல் மாலைய எனக்குப் போடாம, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பன் ஒருத்தனுக்குப் போட்டுட்டாய்ங்க. எந்திரிச்சு வந்துட்டேன். இதே பெஞ்சு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு அங்கன ஐயரு கத்துறாரு, இந்த மனுசன் பட்டு வேட்டியோட நடந்து வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. ரெண்டு டீ சொன்னாரு. வெங்காயம் என்ன வெல போகுதுன்னு கேட்டாரு. மழை வருமான்னு கேட்டாரு. டீயக் குடிச்சு முடிச்சுட்டு, ‘போவமா மாப்ள?’ன்னாரு. அம்புட்டுத்தான். என்ன கோவம்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல? கேட்டாத்தான சொல்ல முடியும்? வாழ்நாள்ல ஒருக்காக்கூடக் கேட்டதில்ல. நான் கோவிச்சா வருவாரு, உக்காருவாரு, டீ சொல்வாரு, கூட்டிட்டுப் போயிருவாரு. கதிரேசன் வீடு கட்டிக் குடி போனப்பவும் அப்படித்தான். என் கோவத்துக்கு மருவாதையே இல்லாமப் பண்ணிட்டாரு தம்பி அந்த ஆளு.

இப்பக் கடைசியா ஒரு மாசமா நான் அந்த வீட்டுப் பக்கம் போகல. ஏன்னு கேளுங்க. அவருக்கு நடக்க முடியலன்னு கதிரேசன் கட்டிலு ஒண்ணு வாங்கியிருக்கான், ஆசுபத்திரிக் கட்டிலு, தலைமாட்டத் தூக்கலாம் எறக்கலாம். என்னயக் கேட்டானா? ஒரு வார்த்தை, ‘மாமா, அப்பாவுக்குக் கட்டிலு வாங்கட்டுமா’ன்னு கேட்டானா? பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. விட்டுட்டேன் போறத. மச்சான் ஆளு அனுப்பினாரு, ‘மாப்ளய வரச்சொல்லு’ன்னு. ஆளு விட்டா நான் வர்றவனா? போன் போட்டாரு. எடுக்கல. எப்பவும் நேருல வந்து கூப்பிடுறவரு, இப்ப மட்டும் என்ன போனு? படுத்த படுக்கையா இருக்காராம். இருக்கட்டும். ரெண்டு பேரு கைத்தாங்கலாப் புடிச்சாத் தெருமுக்கு வரைக்கும் வர முடியாதா? பட்டாளத்துக்காரன்தான?

நேத்து சாயங்காலம் சொல்லி விடுறாய்ங்க, போயிட்டாருன்னு. இதுக்கு மட்டும் ஒடனே சொல்லத் தெரியுது.

என்ன கேட்டீங்க? போர்வைய எடுத்துட்டு வேட்டியப் போட்டுட்டு மறுபடி போர்வையப் போட்டா என்னன்னா? பாருங்க, சாத்தூர்லருந்து வந்த உங்களுக்குத் தோணுது! அந்த அழகரும் அதத்தான் சொன்னான். ஆமா, சொன்னான். ‘ஐயா, வழக்கம்னா ஒரு நிமிசம் போர்வைய எடுத்துக்கிறோம்’னான். அவன் நல்லவன்தான். அப்பத்தான் எங்க அக்கா எந்திரிச்சுச்சு.

அது என்ன சொல்லுச்சுன்னு சொல்றதுக்கு முந்தி நடந்தது ஒண்ணு இருக்கு. அதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, யாரு பக்கம் நாயம்னு.

வங்காளத்துல சண்ட நடந்துச்சுல்ல, எழுவத்தொண்ணுல. அவரு அதுல இருந்தாரு. இங்கன அக்காவும் கைப்பிள்ளை இந்திராணியும். எங்க அப்பா அப்பவே இல்ல, எனக்கு மீசை அப்பத்தான் மொளைக்குது, ஆனா வீட்டுக்கு ஆம்பள நாந்தான். சண்ட முடிஞ்சு ரேடியோவுல எல்லாம் சொல்லிட்டாய்ங்க. அவருகிட்டருந்து ஒரு சேதியும் இல்ல. அப்பப் பாத்து பக்கத்து ஊரு பொன்னையா கையில கட்டோட வந்து எறங்குறான். அவரோட அதே கம்பெனி. நான் சைக்கிள மிதிச்சுட்டு ஓடுனேன். பொன்னையா அழுறான். ‘ஆத்தக் கடக்கயில படகு கவுந்துபோச்சு ராசாங்கம். அண்ணன் முங்குனத இந்தக் கண்ணால பாத்தேன். எந்திரிக்கல’ங்கிறான்.

நான் என்ன செய்யணும்? கண்ணால பாத்தவன் சொல்றான். வந்து சொன்னேன். அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘பொன்னையா முங்கினதத்தான பாத்தான். செத்ததப் பாத்தானா? சர்க்காருலருந்து சொல்லட்டும், அப்பப் பாப்போம்’னு பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே சொல்லுது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சர்க்காரு எப்ப எதச் சொல்லிருக்கு தம்பி? ஊரு என்ன பேசும்? ஒரு பொம்பள புருசன் செத்தும் பூ வச்சுக்கிட்டுத் திரியறான்னு பேசாதா? நான் காத்திருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அதுக்கு மேல என்னால ஊரு மூஞ்சியில முழிக்க முடியல. பெரியவங்களக் கூப்பிட்டேன், நாளக் குறிச்சேன்.

உடம்பு இல்ல. அவரு விட்டுட்டுப் போன பட்டாளத்துக் கோட்டு ஒண்ணு இருந்துச்சு, காக்கிக் கம்பளிக் கோட்டு. அதக் கட்டில்ல விரிச்சு, அதுக்கு மேல மச்சினன் வேட்டியப் போத்தினேன். மொறையா, கொட்டோட. அப்புறம் அக்காவுக்குச் செய்ய வேண்டியது. அது வராதுன்னு தூணக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. பொம்பளைக நாலு பேரு கூப்பிட்டும் வரல. நாந்தான் கையப் பிரிச்சு விட்டேன். வளையல் ஒடைஞ்சு மணிக்கட்டுல ரத்தம். கோடிச் சேலைய நாந்தான் தலையில போட்டேன். எனக்கென்ன ஆசையா? யாராவது செய்யணும்ல? ஒருத்தனும் முன்னாடி வரல, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாய்ங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதுக்கு வேற எடங்கூடப் பாத்தேன். நல்ல எடம், ஒரு மளிகைக்கடைக்காரரு, பொண்டாட்டி செத்தவரு. எந்தத் தம்பி செய்வான்? அக்கா என்கூடப் பேசுறத நிறுத்திருச்சு. நல்லது செஞ்சா இதான் பலன்.

பங்குனி மாசம். உச்சி வெயிலு. நான் வாசல்ல உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு ஆளு ஊனுகோலு ஊன்றிக்கிட்டு வர்றாரு, தலையில மொட்ட, தாடி, எலும்பும் தோலுமா. ‘என்ன மாப்ள, அக்கா இருக்கா?’ன்னாரு.

மச்சாந்தான்! ஆத்தோட அடிச்சுட்டுப் போயி, யாரோ மீன்காரங்க தூக்கி, காலு முறிஞ்சு, விசக்காய்ச்சல்ல தன் பேரே தெரியாம எங்கிட்டோ ஆசுபத்திரியில கிடந்திருக்காரு. அதெல்லாம் அப்புறம் சொன்னாரு. அப்பச் சொல்லல. அக்கா உள்ளருந்து வந்துச்சு. வெறுங்கை, வெறும் நெத்தி. அவரு பாத்தாரு. ரொம்ப நேரம் அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அக்கா என்னயத் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் உள்ள போயித் தண்ணி கொண்டாந்துச்சு.

ஊருல கிளம்புச்சு பாருங்க கூத்து. உசுரோட இருக்கிறவனுக்குக் கோடி போட்ட பாவி நானாம். இனிமே அந்த ஆளு வாழ மாட்டானாம், அதுக்கு நான் பொறுப்பாம். என் கையால தண்ணி வாங்கக்கூடாதாம். எவன் எவன் எழவுக்கு வந்து பந்தியில உக்காந்து தின்னானோ அவனெல்லாம் பேசுறான். சாவடியில கூட்டம் போட்டு என்னய நடுவுல நிறுத்திட்டாய்ங்க. எனக்கும் பேச ஆயிரம் இருந்துச்சு தம்பி. பொன்னையா சொன்னது, சர்க்காரு சொல்லாதது, எல்லாம் வரிசையா வச்சிருந்தேன். வாயத் தொறக்கப் போறேன், அந்த மனுசன் ஊனுகோலோட வர்றாரு. இடுப்புல என்ன? நான் எடுத்த கோடி வேட்டி! பொட்டியில கிடந்தத எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து கூட்டத்துக்கு நடுவுல உக்காந்துட்டாரு. ‘என் மச்சினன் எனக்கு வேட்டி எடுத்திருக்கான். கட்டியிருக்கேன். உங்களுக்கு என்னய்யா நோவுது?’ன்னாரு. எவனோ சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாய்ங்க. கூட்டம் கலைஞ்சுபோச்சு. என்னயப் பேசவே விடல பாருங்க! என் நாயத்த நான் சொல்ல முடியாமப் போச்சு, இன்னிக்கு வரைக்கும்.

கலையறதுக்கு முந்தி ஒண்ணு மட்டும் சொன்னாரு. சிரிக்காமச் சொன்னாரு. ‘இனிமே நான் நெசமாவே செத்தாலும் பெருமாயி கைய எவனும் தொடக்கூடாது.’ பெரியவங்க சரின்னாங்க. அன்னிக்கே சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி முழங்கை வரைக்கும் வளையல் போட்டு விட்டாரு. அதனாலதான் நான் இன்னிக்குச் சேலை எடுக்கல. போயிப் பாருங்க, பொட்டும் வளையலுமா உக்காந்திருக்கும். வழக்கமா இதெல்லாம்?

அந்த வேட்டிய அவரு விட்டாருன்னு நெனைக்கிறீங்களா? தீவாளிக்குத் தீவாளி கட்டுவாரு. ‘மாப்ள, நீ எடுத்த கோடி கிழியவே மாட்டேங்குதுடா’ன்னு தெருவுல நின்னு சத்தம் போடுவாரு. ஊரே சிரிக்கும். அது இத்துப்போயி, பாதியக் கிழிச்சு, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுனாரு. பொறந்த பிள்ளைக்குக் கோடித்துணியில தொட்டில்! நான் கத்துனேன். ‘இதுல தூங்குனா நூறு வருசம் இருக்கும்டா, எனக்கே ஒண்ணும் ஆகல’ன்னாரு. அந்தப் பயதான் இப்ப பெங்களூர்லருந்து வர்றான். இப்படி ஆயுசு பூரா என்னய வச்சு ஊரச் சிரிக்க வச்ச மனுசன், அவருக்கு நான் ஒழுங்கா, மொறையா, ஒரு தடவ கோடி போட்டு அனுப்பணும்னு நெனைச்சது தப்பா?

அக்கா சொன்னதக் கேளுங்க இப்ப. அழகரு போர்வையில கை வைக்கிறான். எங்க அக்கா தலைமாட்டுலருந்து எந்திரிச்சு, அழுது தொண்டை கட்டிப்போச்சு, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுச்சு. ‘இந்த மனுசனுக்கு நீ போட வேண்டிய கோடிய, அவரு உசுரோட இருக்கயிலயே போட்டுட்ட. ஒரு மனுசனுக்கு ரெண்டு தடவ எவனும் போடுறதில்ல. எடுத்துட்டுப் போடா.’ கைய நீட்டி வாசலக் காட்டுச்சு. வளையல் பூரா சலசலன்னு.

அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. அந்தப் பேச்ச அது ஒரு நாளும் எடுத்ததில்ல. அவரு சிரிச்சாரு, ஊரு சிரிச்சது, நானும் சரி முடிஞ்சதுன்னு இருந்தேன். உள்ளயே வச்சிருந்திருக்கு. என் வீட்டுக்கு வந்திருக்கு, சாப்புட்டிருக்கு, என் பிள்ளைகளக் கொஞ்சியிருக்கு. எல்லாம் அந்த ஆளுக்காக! அவரு இருக்கிறவரைக்கும் பொறுத்துக்கிட்டு, அவரு கண்ண மூடுன மறுநாளு என்னய வெளிய போடான்னுது. கூடப்பொறந்தவன! பங்காளிப் பயக, ‘பெருமாயி சொல்றதும் நாயந்தான’ன்னு தலையாட்டுறாய்ங்க. அவரு உசுரோட திரும்பி வந்ததுக்கு நானா பொறுப்பு?

கொட்டு மாறுது, கேக்குதா? பேரன் வந்துட்டான் போலருக்கு. அந்த வெள்ளைக் காரு அவனுதுதான். தூக்கிருவாங்க இப்ப.

எந்திரிங்க, எந்திரிங்க. நீங்க போங்க. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துட்டு மூஞ்சியப் பாக்காமப் போகக்கூடாது.

இருங்க. ஒரு சின்ன சோலி. இந்தப் பையப் புடிங்க. புடிங்கங்கிறேன்ல! சுடுகாட்டுல சங்கத்துக்காரங்க போர்வைய உருவி மடிப்பாங்க. அப்ப நாலு மூலையிலயும் உங்க ஆளுகதான் நிப்பீங்க. பொம்பளைக அங்கன வர மாட்டாங்க. அந்த நேரம் இத விரிச்சு அவரு மேல போட்டுருங்க. காத்தடிக்கும், ரெண்டு பக்கமும் அடியில சொருகி விடுங்க. கழுத்து வரைக்கும் இழுத்து விடுங்க, இந்த மாசம் குளிரு அவருக்கு ஆகாது. யாராச்சும் கேட்டா உங்க வேட்டின்னு சொல்லுங்க. பழகின மனுசனுக்கு எடுத்துட்டு வந்தேன்னு சொல்லுங்க. எம் பேரு வேணாம். நான் போய்ப் போட்டாப் பங்காளிக ஆரம்பிப்பாய்ங்க, நானும் விட மாட்டேன். அங்கன போயி அவரு முன்னாடி சண்ட வேணாம்.

நானா? நான் எப்படிங்க வர்றது? நான் கோவிச்சுக்கிட்டுல உக்காந்திருக்கேன். யாராச்சும் வந்து கூப்பிடாம எப்படி எந்திரிக்கிறது?